ஊட்டியும் பிளாக் தண்டரும்: எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் திருச்சிக்காரர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு நான்கு தடவை ஊட்டிக்குப் போய், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் என்ற நீர் விளையாட்டுப் பூங்காவிலும் ஒரு நாள் ஆடிவிட்டு வந்திருக்கிறோம். நான்கில் இரண்டு பயணம் சொதப்பல். அதனாலோ என்னவோ, ஏப்ரல் பிறந்தால் தெருவில் எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். காய்கறி வண்டியருகில் நின்று ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

ஊட்டியும் பிளாக் தண்டரும் பக்கத்துப் பக்கத்துலயா இருக்கு அக்கா?

இல்லை. ஊட்டி மலை உச்சியில், பிளாக் தண்டர் மலையடிவாரத்தில். கோயம்புத்தூரிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர் சொச்சம் போனால் மேட்டுப்பாளையம். அந்த ஊரிலிருந்து ஊட்டிச் சாலையில் மலை ஏறுவதற்கு முன்னாலேயே இந்த நீர் விளையாட்டுப் பூங்கா வந்துவிடும். அங்கிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு இன்னும் 50 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கிறது.

தூரத்தை விட உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும் என்பது பொதுவான கணக்கு. ஆக, கீழே இருப்பதை விட மேலே பன்னிரண்டு டிகிரி குறைவு. இந்தப் பன்னிரண்டு டிகிரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல கேள்விகளுக்கு அதுதான் பதில்.

ரெண்டு நாள் லீவுல ரெண்டையும் முடிச்சிடலாமா?

முடிக்கலாம், முடித்தும் இருக்கிறோம். அதுதான் சொதப்பிய முதல் பயணம். சனிக்கிழமை காலை பூங்கா, சாயங்காலம் மலை ஏற்றம், ஞாயிறு ஊட்டியைச் சுற்றிவிட்டு ராத்திரி திரும்புவது என்று திட்டம். பூங்காவில் ஆடிக் களைத்த பிள்ளைகள் மலைப்பாதையில் தூங்கிப்போய், ஊட்டிக் குளிரில் எழுந்து அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் பாதி நேரம் காருக்குள்ளேயே கழிந்தது.

கிளம்பும் ராத்திரியையும் சேர்த்து மூன்று பகல், மூன்று இரவு வையுங்கள். ஏறும் நாள் ஒன்று, மேலே முழுதாக ஒரு நாள், அன்று சாயங்காலமே இறங்கித் தங்கி, மறுநாள் பூங்காவுக்கு. அதற்கு வழியில்லை என்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். எதை விடுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல்ல பார்க்கா, முதல்ல மலையா?

மலை முதலில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. முதலில் பூங்காவுக்குப் போனால் ஈரத் துணி மூட்டையோடு மலை ஏற வேண்டும், அது மேலே குளிரில் காயவே காயாது. தலைமுடியும் அப்படித்தான். மலையை முடித்துவிட்டு இறங்கினால் கீழே வெயில் காத்துக்கொண்டிருக்கும், தண்ணீரும் அப்போதுதான் சுகமாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகளுக்குப் பூங்காதான் பெரிய பரிசு. அதை முதலிலேயே கொடுத்துவிட்டால், மேலே தாவரவியல் பூங்காவில் நிற்கும்போது “எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?” என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எந்த மாசம் போறது?

ஊட்டிக்காரர்கள் ஏப்ரல், மே, ஜூன் தொடக்கம் வரை முதல் சீசன் என்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும், கூட்டமும் அப்போதுதான் உச்சம். பிள்ளைகளின் விடுமுறையும் மே மாதம்தான் என்பதால் நம்மில் பலருக்கு வேறு வழியில்லை.

முடிந்தால் செப்டம்பர் காலாண்டு விடுமுறையைப் பிடியுங்கள். அதையும் தாண்டி அக்டோபர் பாதிக்கு மேல் போனால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம், குன்னூர்ப் பக்கம் மண் சரிந்து ரயிலை ரத்து செய்வது அந்த மாதங்களில் வழக்கமான செய்தி. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் குளிரில் கைக்குழந்தையோடு போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்ம ஊர்லேர்ந்து எப்படிப் போனீங்க?

இரண்டு தடவை கார், இரண்டு தடவை பஸ்ஸும் ரயிலும். திருச்சியிலிருந்து போகும் பஸ்கள் கோவையில் சிங்காநல்லூரில் நிற்கும். ஊட்டி பஸ்ஸோ மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் புதுப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும். இரண்டும் ஊரின் இரண்டு கோடி. இது தெரியாமல் அதிகாலையில் நான்கு பைகளோடு நடுவில் அலைந்தோம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பயணிகள் ரயிலும் உண்டு, அதுவும் நல்ல வழி.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலை மேட்டுப்பாளையம். அதே நிலையத்தில் ஊட்டிக்குப் போகும் மலை ரயில், பொம்மை ரயில் என்பார்களே, அது நிற்கும். கொடுத்துவைத்தவர்கள்.

பொம்மை ரயிலுக்கு டிக்கெட்டே கிடைக்க மாட்டேங்குதே, ஏதாவது குறுக்கு வழி இருக்கா?

குறுக்கு வழி இல்லை. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. திறந்த அன்றே காலையில் உட்கார்ந்தால்தான் மே மாதத்துக்குக் கிடைக்கும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் அந்த ஒரு வண்டிக்குத்தான் இத்தனை போட்டி. முன்பதிவில்லாத இடங்கள் கொஞ்சம் உண்டு, அதற்கு விடியுமுன்னே வரிசை தொடங்கிவிடும்.

கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே மட்டும் ஓடும் வண்டிகள் பகலில் சில உண்டு. குன்னூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயிலேறலாம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன நிலையங்களாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். இழுப்பது டீசல் எஞ்சின், நீராவி எஞ்சின் இல்லை. அடுத்த பதிலில் சொல்லப்போகும் பல் தண்டவாளமும் அந்தப் பகுதியில் கிடையாது. ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கு அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

பஸ்ல ரெண்டு மணி நேரம், ரயில்ல அஞ்சு மணி நேரம். அப்படி என்னதான் இருக்கு அதுல?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன். என் மாமனார் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். இந்த மலை ரயிலின் எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை, பிறகு நம் பொன்மலையிலேயே புதிதாகச் சிலவற்றைச் செய்தார்கள். ஆகவே இந்த ரயில் எங்கள் வீட்டில் பாதி சொந்தக்காரர். 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். 1899-இல் குன்னூர் வரை போட்டு, 1908-இல் ஊட்டி வரை நீட்டினார்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறும்போது சராசரி வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்தான், சைக்கிளில் கூட முந்திவிடலாம்.

மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் செங்குத்தாக இருக்கும். பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஒரு அடி உயரும் அளவு. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். என் மாமனார் இரண்டு சீப்பைச் சேர்த்துப் பிடித்துக் காட்டுவார். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு தள்ளிப் பிடிப்பார். எஞ்சினின் பல் சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். கொக்கி விட்டுப்போனாலும் பெட்டிகள் தனியே பின்னால் உருண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. பெட்டிக்கு ஒருவராகப் பிரேக்மேன்கள் வெளியே நின்று கொடி காட்டிக்கொண்டு வருவார்கள்.

நடுவில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். இறங்கிக் கால் நீட்டலாம். ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் நமக்காகக் காத்திருக்கும். என் பெரியவன் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனது. பிடுங்கியது என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு நிதானமாக வாங்கியது.

சொந்தக் கார்ல போனா இ-பாஸ் வேணுமாமே? நிஜமா?

நிஜம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கட்டணம் இல்லை, அரசு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கும், நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிகளுக்கும் தேவையில்லை. விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சீசன் நாட்களில் பாதையையும் ஒருவழியாக்குவார்கள். குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்க வேண்டும். கோத்தகிரி வழியே வந்தால் மேட்டுப்பாளையத்துக்குள் இறங்கி, பூங்காவுக்காக ஊட்டிச் சாலையில் கொஞ்ச தூரம் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

எங்க வீட்டுக்காரருக்கு மலையில ஓட்டிப் பழக்கமில்ல. சமாளிச்சிடுவாரா?

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது கஷ்டமில்லை, இறங்குவதில்தான் புதியவர்கள் தப்புச் செய்கிறார்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிக் கருகிய வாடை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். பஸ் திரும்பும்போது அதற்கு முழு வளைவையும் கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிப் பாதையைக் கூகுள் காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 36 கொண்டை ஊசி, ஏற்றமும் கடுமை. வீட்டுக்காரர் தயங்கினார் என்றாலே காரைக் கீழே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போவது உத்தமம். என் வீட்டுக்காரர் தயங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பசங்க வாந்தி எடுப்பாங்களே, என்ன செய்யறது?

கண் போனைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வளைவைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். போனைப் பிடுங்கி வையுங்கள், வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். கிளம்புமுன் இட்லி இரண்டு போதும், பூரி மசால் வேண்டாம். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுங்கள். குமட்டத் தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

குன்னூர் போகும் வழியில் பர்லியாறில் நிறுத்துவது எங்கள் பழக்கம். சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான் வைத்து விற்பார்கள். அங்கே கால் மணி நேரம் நின்று ஒரு பழம் உரித்துத் தின்றால் மீதி வளைவுகள் அவ்வளவாகத் தெரியாது. இரட்டைப் பையாக இரண்டு எடுத்துப் போங்கள். எதற்கென்று சொல்லத் தேவையில்லை.

தண்ணி பாட்டில் கொண்டு போனா பிடிப்பாங்களா?

கடையில் வாங்கும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வழியில் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். ஊருக்குள் காசு போட்டுப் பிடிக்கும் தண்ணீர் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். முன் கேள்வியில் சொன்ன பையும் துணிப்பையாகவோ காகிதப் பையாகவோ இருக்கட்டும்.

ஊட்டியில எங்க பார்த்தாலும் கூட்டம். உருப்படியா எதைப் பார்க்கலாம்?

காலை ஏழிலிருந்து பத்துக்குள் ஒன்று, மாலையில் ஒன்று. நடுப்பகலில் எதற்கும் போகாதீர்கள், அவ்வளவுதான் சூத்திரம். தாவரவியல் பூங்காவைக் காலையில் திறந்ததும் பார்ப்பது நல்லது. 1848-இல் தொடங்கியது, 22 ஹெக்டேர். எல்லோரும் பூப்பாத்தியோடு படமெடுத்துக்கொண்டு கீழேயே திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறினால் இரண்டு கோடி ஆண்டுப் பழமையானது என்று எழுதி வைத்திருக்கும் கல்மரம் இருக்கிறது. இன்னும் ஏறினால் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்து, அதாவது குடியிருப்பு. அரைப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வளைந்த கூரையும் தவழ்ந்து நுழையும் வாசலுமாக அவர்களது பழைய வீட்டு அமைப்பைப் பார்க்கலாம். அது ஆட்கள் வாழும் இடம், எட்டிப் பார்க்குமுன் கேளுங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக அவர்கள் போடும் பின்னல் வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

ஏரி இயற்கையானது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் வெட்ட வைத்தது. படகு வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம், பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரமான சிகரம். மேகம் மூடியிருந்தால் மேலே போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். கிளம்புமுன் ஊரிலிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போங்கள். ரோஜாப் பூங்கா பெரியவர்களுக்கு. குன்னூரில் சிம்ஸ் பூங்காவில் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் “போதும்” என்று சொன்னதில்லை, மரம் அத்தனை பெரிது, கூட்டம் அத்தனை குறைவு.

குளிருதேன்னு ஸ்வெட்டர் போட்டோம், ஆனா முகம் கறுத்துப்போச்சே, எப்படி?

குளிருக்கும் வெயில் கருக்குவதற்கும் சம்பந்தமில்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து புற ஊதாக் கதிர் அதிகமாக இறங்கும். குளிர்ச்சியாக இருப்பதால் நமக்கு உறைக்காது, அவ்வளவுதான். தொப்பி போடுங்கள். காதை மூடும் குல்லா காலையிலும் ராத்திரியிலும் போதும்.

ஹோட்டல்ல சோறும் பருப்பும் சரியா வேகவே இல்ல. ஏமாத்துறாங்களா?

சமையல்காரரைக் கோபிக்காதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், சூடு குறைவு. பருப்பு வேக நேரமெடுக்கும். குக்கர் இருந்தால் அந்தக் குறை தீரும். சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக பலூன் மாதிரி உப்புவதும் இதே காற்றழுத்த விவகாரம்தான். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பத்து நிமிடம் அமைதியாக இருப்பார்கள்.

ஆனால் அறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்றால் அது இயற்பியல் இல்லை. நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் சுடுதண்ணீர் என்பதை ஏழேகாலுக்குச் சொன்னார்கள். அறை எடுக்கும்போதே நேரம் கேளுங்கள்.

சரி, கீழ இறங்கியாச்சு. பார்க்குக்குள்ள என்ன ட்ரெஸ்ல போறது? சுடிதார்ல இறங்க விடுவாங்களா?

நீர் விளையாட்டுப் பூங்காக்களில் பொதுவாகவே பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான், பாலியஸ்டர் மாதிரித் துணிதான். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும், சறுக்கில் ஒட்டிப் பிடிக்கும், அதன் நூல் பிசிறு வடிகட்டியை அடைக்கும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது, நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே சௌகரியம். ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பார்த்துவிடுங்கள். நான் அவசரத்தில் அளவு பார்க்காமல் வாங்கியதைப் போட்டுக்கொண்டு அன்று முழுக்கத் துண்டோடு சுற்றினேன்.

தாலிக்கொடி தவிர வளையல், கொலுசு என்று எல்லா நகையையும் முதல் நாளே கழற்றிவிடுங்கள். போனும் காசும் லாக்கரில். மூக்குக்கண்ணாடிக்குப் பின்பக்கம் கயிறு.

எனக்கு உயரம்னாலே பயம். நான் கீழயே உட்கார்ந்திருக்கவா?

உட்காரலாம், தப்பே இல்லை, யாராவது ஒருவர் பை காக்க வேண்டுமே. ஆனால் பயத்துக்குக் காரணம் தெரிந்தால் கொஞ்சம் தணியும் என்பது என் அனுபவம். ரோலர் கோஸ்டர் மேலே ஏறும்போது கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். உடைகிற சத்தம் என்றுதான் நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பெட்டி பின்னால் உருளாமல் பல்லில் கொக்கி விழுந்து விழுந்து பிடிக்கிற சத்தம் அது. மேலே ரயிலில் சீப்பு கதை சொன்னேனே, ஏறக்குறைய அதே வேலை. அந்தச் சத்தம் கேட்கிற வரை பத்திரம் என்று மாமனார் சொன்ன பிறகு கண்ணைத் திறந்தேன். இறங்கும்போது மறுபடியும் மூடிக்கொண்டேன்.

வயிற்றில் ஏதோ பறக்கிற மாதிரி இருப்பதும் ஆபத்து இல்லை. இருக்கை நம்மோடு சேர்ந்து விழும்போது உடம்புக்குள் இருப்பவை கணநேரம் கனமிழந்து நிற்கும். இதய நோய், முதுகுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் வீரம் காட்டாமல் கீழேயே இருங்கள். தண்ணீர்ச் சறுக்கில் கனமானவர்கள் வேகமாக வருவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்பது கிளம்புமுன்பே தெரியும்.

அலை அடிக்கிற குளத்துல சின்னப் பசங்கள விடலாமா?

கையைப் பிடித்துக்கொண்டு, ஆழமில்லாத ஓரத்தில் மட்டும். பெரும்பாலான அலைக்குளங்களில் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். அதற்குள் காற்றை விட்டுவிட்டு அடித்துத் தண்ணீரைத் தள்ளுவார்கள். கடல் மாதிரி எப்போதும் அடிக்காது, இடைவெளி விட்டு அடிக்கும். அலை நின்ற நேரத்தில் பிள்ளை நழுவி உள்ளே போவதும், திடீரென்று அலை தொடங்குவதும்தான் ஆபத்து.

மிதக்கும் ரப்பர் வளையத்தை நம்பிப் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உயிர்காப்பாளர் இருந்தாலும் அவருக்கு நூறு பிள்ளைகள், உங்களுக்கு இரண்டு.

மலைக்குளிர்லேர்ந்து இறங்கி உடனே தண்ணியில ஆடினா ஜன்னி வருமேன்னு மாமியார் திட்டுறாங்க...

என் மாமியாரும் திட்டினார். சளி, காய்ச்சல் கிருமியால் வருவது, குளிரிலிருந்து வெயிலுக்கு வந்ததால் மட்டும் வராது. ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம். உதடு நீலமாகி நடுங்குகிற பிள்ளையை “இன்னும் ஒரு ரவுண்டு” என்று விடக் கூடாது. ஏற்கெனவே மூக்கடைப்பு இருந்தால் மலை இறங்கும்போதே காது அடைத்து வலிக்கும். அந்தப் பிள்ளைக்கு அன்று தண்ணீர் வேண்டாம். மற்றவர்களுக்கு இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் ஒன்று கொடுத்து விழுங்க வைத்தால் போதும்.

இறங்கிய அதே நாள் அவசரமாக நுழையாமல், மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் போங்கள். மூன்று இரவு என்று நான் கணக்குச் சொன்னதில் மூன்றாவது இதற்குத்தான்.

தண்ணியில மருந்து ஜாஸ்தியோ? கண்ணெல்லாம் செவந்துடுச்சு.

வேர்வையும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் பொருள்தான் கண்ணை எரிக்கிறது, அந்த வாடையும் அதனுடையது. இறங்குமுன் எல்லோரும் குளித்துவிட்டு இறங்கினால் எரிச்சல் குறையும். பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டுக் குளத்துக்கு அனுப்புங்கள். நம் பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று சொல்லும் அம்மாக்களை எனக்குத் தெரியும், அவர்கள் பிள்ளைகளையும் தெரியும்.

ஊட்டியில வாங்கின சாக்லெட்ட எப்படிக் கொண்டு வந்தீங்க? எங்களுது குழம்பா ஆயிடுச்சு.

எங்களுடையதும்தான். ஊட்டிக் குளிரில் கல்லு மாதிரி இருந்த இரண்டு கிலோ சாக்லெட்டைக் காருக்குள் வைத்துவிட்டுப் பகல் முழுக்கப் பூங்காவில் ஆடினோம். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், வெயிலில் மூடிய காருக்குள் சூடு அதையெல்லாம் தாண்டும். முதல் பதிலில் மனதில் வைக்கச் சொன்ன பன்னிரண்டு டிகிரி எனக்கே மறந்துபோனது. திராட்சையும் முந்திரியும் தனித்தனியாக மிதந்தன. ஊருக்கு வந்து ஃபிரிட்ஜில் தட்டில் ஊற்றி வைத்து, துண்டு போட்டுத் தெருவுக்குக் கொடுத்தேன். நன்றாக இருந்தது என்றுதான் எல்லோரும் சொன்னீர்கள்.

பூங்காவுக்குப் போவதாக இருந்தால் வர்க்கி வாங்குங்கள். அடுக்கடுக்கான மொறுமொறு பண்டம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது, வெயிலுக்கு அசையாது. அழுத்தினால் மட்டும் தூளாகும். அப்புறம் தைலம், தேயிலை, தழையோடு கட்டி விற்கும் கேரட். தைலப் பாட்டிலைத் துணிகளோடு வைக்காதீர்கள்.

வயசானவங்கள கூட்டிட்டுப் போகலாமா? பார்க்குல அவங்க என்ன பண்ணுவாங்க?

மலைக்குத் தாராளமாக அழைத்துப் போகலாம். இருதயத்திலோ நுரையீரலிலோ தொந்தரவு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேளுங்கள். ஊட்டியில் எல்லாமே மேடும் பள்ளமும்தான், அறை கீழ்த்தளத்தில் எடுங்கள். பூங்கா அவர்களுக்கு அலுப்பு. என் மாமியார் நிழலில் உட்கார்ந்து நாலு மணி நேரம் பை காத்துவிட்டு, “அடுத்த தடவை என்னைக் கல்லாறு பழப்பண்ணையில இறக்கி விட்டுடு” என்றார். அது பூங்காவிலிருந்து மலைப்பக்கம் போகும் வழியில்தான் இருக்கிறது. அடுத்த தடவை அப்படியே செய்தோம். மாமனாரும் அங்கேயே இறங்கிக்கொண்டார்.

ரெண்டுல ஒண்ணுக்குத்தான் நாளும் காசும் இருக்கு. எதை விடறது?

பிள்ளைக்கு ஏழு வயதுக்குக் கீழே என்றால் பூங்காவை விடுங்கள். உயரக் கட்டுப்பாட்டால் பாதி விளையாட்டில் ஏற்ற மாட்டார்கள், கொடுத்த கட்டணத்துக்கு ஈடாகாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் என்றால் ஊட்டியைச் சுற்றுவதை விடுங்கள், பூங்கா போதும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, நான்காவது தடவை நாங்கள் செய்தது. மேட்டுப்பாளையத்திலேயே இரண்டு ராத்திரி அறை, அங்கே வாடகையும் குறைவு. ஒரு நாள் காலை ரயிலில் ஏறி, நண்பகலில் ஊட்டியில் இறங்கி, சாப்பிட்டு, தாவரவியல் பூங்காவை மட்டும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் இறங்கினோம். மறுநாள் பிளாக் தண்டர். ஊட்டியில் இன்னும் பார்க்காதது நிறைய என்று பெரியவர்களுக்கு வருத்தம். பிள்ளைகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தா திங்கக்கிழமை ஸ்கூல், ஆபீஸ் போயிடலாம்ல?

போக மாட்டீர்கள். சறுக்கு ஏணிப்படியில் இருபது தடவை ஏறி இறங்கிய கால் திங்கட்கிழமை காலை மடங்காது. ஒரு நாள் லீவு சேர்த்தே எழுதிக் கொடுங்கள். வந்த கையோடு ஈரத் துணி மூட்டையைப் பிரித்துப் போட்டுவிடுங்கள், எவ்வளவு தூக்கம் வந்தாலும் சரி. நாங்கள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கார் டிக்கியிலேயே விட்டுவிட்டோம். புதன்கிழமை திறந்தோம்.